பதினோராம் குழாய்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தங்கை போன் செய்தாள். அந்த நேரத்தில் அவள் யாரையும் கூப்பிடமாட்டாள். ஐஸ் கட்டிகளை அச்சிலிருந்து கழற்றும் நேரம் அது.

"அக்கா, கிணத்துல தண்ணி கைக்கு எட்டுது."

"நல்லதுதானேடி. மோட்டார் செலவு மிச்சம்."

"விளையாடாத. வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஏறிக்கிட்டே வருது. மழை இல்ல, ஒரு தூத்தல்கூட இல்ல. இன்னைக்குக் காலையில உன் மாப்பிள்ளை குப்புறப் படுத்து சொம்புல மொண்டுட்டாரு. எனக்குப் பயமா இருக்கு. நீ வந்து பாரு."

என் தங்கை எதற்கும் லேசில் பயப்படுகிறவள் இல்லை. பயம் காட்டித்தான் பழக்கம். அதனால் கிளம்பிப் போனேன்.

அவள் வீடும் அவள் புருஷனின் ஐஸ் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. முன்னால் வீடு, நடுவில் கட்டி உறையும் கொட்டகை, பின்னால் கிணறு. கிணற்றுக்குப் பின் சுவர், சுவருக்குப் பின் ஒரு பொட்டல். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் என் முகத்துக்கு மிகக் கிட்டத்தில் அசையாமல் நின்றது. ஒரு தூசி மிதக்கவில்லை. சொம்பில் இருந்ததைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

என் கைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். நுனியில் ஓர் ஈயக் குண்டு. குண்டு தண்ணீரைத் தொட்டால் சுருளில் இருக்கும் பெட்டி 'பீப்' என்று கத்தும். இறக்கினேன். இறக்கிய உடனேயே கத்தியது. ஒரு மீட்டர் இருபத்தாறு.

"அண்ணி, அது கிடக்கட்டும், இதைப் பாருங்க" என்று ஐஸ்காரர் ஒரு கட்டியைக் கொக்கியால் இழுத்து வந்து நிறுத்தினார். தங்கை புருஷனை நான் மனசுக்குள் ஐஸ்காரர் என்றுதான் சொல்வேன். நேரில் மாப்பிள்ளை. கட்டிக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தார். கண்ணாடி போலத் தெளிந்த கட்டிதான். நட்டநடுவில் மட்டும், மேலிருந்து கீழ்வரை, மஞ்சளாக ஒரு நூல் ஓடியது.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா. உருக்கிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. வாசனை இல்ல, ருசி இல்ல. உறைஞ்சாத்தான் தெரியுது."

எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். எனக்குத் தெரிந்தவர்கள் என்றால் யார், நானேதான். அந்த ஊரில் நிலத்தடி நீரைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் பேட்டரிக்கு வேண்டிய உலோகத்தை மண்ணுக்கடியிலிருந்து எடுக்கிறது. குழி கிடையாது, வெடி கிடையாது, ஒரு மரம் வெட்டவில்லை. ஒரு வரிசைக் குழாய்களில் கரைசலை உள்ளே விடுவோம். அது கீழே மணலில் ஒட்டியிருக்கும் உலோகத்தைக் கரைக்கும். இன்னொரு வரிசைக் குழாய்களில் உறிஞ்சி எடுப்போம். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. ஊருக்கு வடக்கே பழைய கம்பெனி ஒன்று தோண்டிப் போட்டுவிட்டுப் போன பள்ளம் இருக்கிறது, அதில் செந்நீர் தேங்கி நிற்கிறது, கரையில் ஒரு காக்கை உட்காராது. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உலோகமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்றால் இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று நம்பித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். இப்போதும் அதை நம்புகிறேன்.

சுரங்கத்தைச் சுற்றிப் பதினைந்து கண்காணிப்புக் குழாய்கள் இறக்கியிருக்கிறோம். அவற்றில் நீர்மட்டம் மாறினால் எங்கள் வேலை வெளியே கசிகிறது என்று பொருள். ஒரு காலத்தில் ஆள் போய் நாடா விட்டு அளந்தது. இப்போது குழாய்க்குள்ளேயே கருவி தொங்குகிறது. அளவெல்லாம் 'தராசு' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு வந்து சேரும். செவ்வாய்தோறும் அதன் திரையைப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை.

அன்றைக்கும் திரையைத் திறந்தேன். பதினோராம் குழாய், தங்கை வீட்டுக்குப் பின்னால் பொட்டலில் இருக்கும் குழாய். நாற்பத்தேழாவது வாரம். இன்றைய மட்டம் ஒன்று இருபத்தாறு. அடிப்படை மட்டம் ஒன்று இருபத்தாறு. விலகல் சுழி.

நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி, "என்ன, பல்லியா?" என்றாள். ஆமாம் என்று சொன்னேன்.

அடிப்படை மட்டம் என்பதைச் சொல்ல வேண்டும். சுரங்கம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வருடம், ஐம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமை, பதினைந்து குழாயிலும் நீர்மட்டம் அளந்து எழுதியாக வேண்டும். பூமி தன் இஷ்டத்துக்கு இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பின்னால் வருகிற ஒவ்வொரு வார அளவையும் அந்த வருடத்தின் அதே வாரத்தோடுதான் ஒப்பிடுவார்கள். அந்த வருடம் அளந்தவள் நான். ஐம்பத்திரண்டு தாளிலும் என் கையெழுத்து.

பதினான்கு குழாய்களை அளந்தேன். வெயிலில் அளந்தேன், சேற்றில் வழுக்கி விழுந்து அளந்தேன், அதில் ஒரு விரல்கடை பொய் இல்லை. பதினோராம் குழாய்க்கு ஒருநாள்கூடப் போகவில்லை.

அந்தச் சந்தில் வெறிநாய் இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தேன். நாய் இருந்தது நிஜம். அது முதல் மாதமே செத்துப்போனதும் நிஜம். பொட்டலுக்குப் போக ஒரே வழி, தங்கை வீட்டு வாசலை ஒட்டிப் போகும் சந்து. அவளும் நானும் அந்த வருடம் பேசிக்கொள்ளவில்லை. அவள் கல்யாணப் பேச்சில், மாப்பிள்ளை வீட்டார் எதிரிலேயே, "ஐஸ் விக்கிறவனைக் கட்டிக்கிட்டா வாழ்க்கை கரைஞ்சுதான் போகும்" என்று நான் சொன்னேன். என் வாய் அப்படி. "இனிமே என் வாசப்படி பக்கம் வராத" என்றாள். "வந்தா செருப்பாலடி" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் குறைச்சலே கிடையாது. அடுத்த வருடம் நான் காய்ச்சலில் கிடந்தபோது அவளே ஐஸ் பையோடு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். அதற்குள் தாள்களையெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

ஆகவே பதினோராம் குழாயின் ஐம்பத்திரண்டு எண்களும் நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவை. முதலில் கொஞ்சம் பயபக்தியோடு செய்தேன். பத்தாம் குழாயைப் பார்த்து நாலு விரல் கூட்டியோ குறைத்தோ எழுதினேன். பிறகு சலித்துவிட்டது. பஸ் நம்பர், செருப்பு அளவு, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன். நாற்பத்தேழாவது வாரம் பன்னிரண்டு அறுபது என்று எழுத வேண்டியவள், அவசரத்தில் புள்ளியை முன்னால் தள்ளி, ஒன்று இருபத்தாறு என்று எழுதியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. அது ஒரு கைப்பிழை.

அந்தக் கைப்பிழையைத்தான் காலையில் ஐஸ்காரர் சொம்பில் மொண்டிருக்கிறார்.

பழைய தாள்களின் நகல் என் அலமாரியிலேயே இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு தங்கையிடம் போனில் பேச்சுக் கொடுத்தேன். கிணறு இதற்குமுன் எப்போதாவது வேடிக்கை காட்டியதா என்று கேட்டேன்.

"காட்டாம என்ன? போன மாசத்துக்கு முந்தின மாசம் மூணு வாரம் தண்ணி அப்படியே நின்னுச்சுக்கா. நாள் பூரா மோட்டார் ஓடும், ஒரு விரக்கடை இறங்காது. இவரு ஒரே சந்தோஷம். எடுக்க எடுக்கக் குறையாத கிணறு, யாருக்கும் சொல்லிடாதன்னாரு. எனக்குத்தான் அதுக்குப் பக்கத்துல போகவே ஒரு மாதிரி இருந்துச்சு."

தாளைப் புரட்டினேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பதாம் வாரங்கள். பன்னிரண்டு நாற்பது, பன்னிரண்டு நாற்பது, பன்னிரண்டு நாற்பது. சோம்பேறித்தனத்தில் மேலே இருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதியது.

இன்னொன்றும் இருந்தது. இருபத்திரண்டாம் வாரம் பதினொன்று பூஜ்யம் ஒன்பது. அளக்கத் தொடங்குவதற்கு முன்பே, ஒன்பதாம் மாதம் பதினொன்றாம் தேதி, அவள் கல்யாணம் நடந்திருந்தது. நான் போகாத கல்யாணம். அந்தத் தேதியைக் கோபத்தில் கிறுக்கியிருந்தேன். ஆக, என் வயிற்றெரிச்சலின் ஆழத்துக்கு ஒரு வாரம் முழுக்க அவள் கிணற்றில் தண்ணீர் நின்றிருக்கிறது. அதிலிருந்துதான் சமைத்திருக்கிறாள், குளித்திருக்கிறாள்.

ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அடுத்த வாரத்துக்கு நான் எழுதியிருந்தது பதினான்கு இருபத்தைந்து. அது தங்கை வீட்டுக் கதவு எண், பதினான்கின் கீழ் இருபத்தைந்து. அடுத்த செவ்வாய் காலை, கட்டி வாங்க வந்தவள் போல அவள் வீட்டுக்குப் போய்க் கிணற்றில் நாடாவை இறக்கினேன். நாடா சுவரில் உரசிக்கொண்டே போனது. பத்தில் சத்தமில்லை. பன்னிரண்டில் சத்தமில்லை. பதினான்கைத் தாண்டியது, பதினைந்து சென்டிமீட்டர், இருபது, அப்புறம் பீப். பதினான்கு இருபத்தைந்து. வாசலில் அதே எண் நீலத் தகட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு?" என்றாள் தங்கை.

"நார்மல்" என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மிச்சத் தாள்களைப் பார்த்தேன். நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று, எல்லாம் பன்னிரண்டை ஒட்டியவை, பாதகமில்லை. ஐம்பத்திரண்டைப் பார்த்தபோது பஸ் நின்றதும் தெரியவில்லை, என் நிறுத்தம் தாண்டிப் போனதும் தெரியவில்லை. அதில் எண் இல்லை. 'வறண்டது' என்று எழுதியிருந்தது.

ஏன் எழுதினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. வருடத்தின் கடைசி வாரம் மட்டும் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எண்ணை இட்டுக்கட்டலாம், தண்ணீரை எப்படி இட்டுக்கட்டுவது? வறண்டது என்று எழுதிவிட்டால் பாட்டில் கேட்கமாட்டார்கள். அன்றைக்கு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் தராசை உருவாக்கிய இன்ஜினீயரிடம் போனேன். சின்ன வயசு, நல்ல பிள்ளை, எதிரில் இருப்பவரைவிடத் திரையோடுதான் அதிகம் பேசுவான். எல்லாரும் அவனைத் தராசுத் தம்பி என்பார்கள்.

"தம்பி, இந்த வருஷம் தராசுல ஏதாவது மாத்தினீங்களா?"

"என்ன மேடம், ட்ரெய்னிங்ல நீங்களும் இருந்தீங்களே." இருந்தேன். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தேன். "முன்னாடி மட்டம் மாறினா மணி அடிக்கும், அவ்வளவுதான். இப்போ மாறவே விடாது. எந்தக் குழாய் அடிப்படையிலேர்ந்து நகருதோ, அதுக்குப் பக்கத்துல இருக்கிற பம்பைக் கூட்டிக் குறைச்சு, செவ்வாய்க்கிழமைக்குள்ள சரியான இடத்துக்குக் கொண்டாந்துடும். நாம உலோகத்தை எடுத்த சுவடே பூமிக்குத் தெரியாது." திரையில் பதினைந்து கோடுகளைக் காட்டினான். "அதுலயும் நம்ம பதினோராம் குழாய் பாருங்க. மத்ததுல ரெண்டு சென்டிமீட்டர், மூணு சென்டிமீட்டர் தட்டும். இது சுத்தமா சுழி. அறிக்கையோட அட்டையிலயே இதைத்தான் போட்டிருக்கோம்."

பேயில்லை, பிசாசில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பேயாக இருந்திருந்தால்தான் நிம்மதியாக இருந்திருக்கும். பதினான்கு இடத்தில் அந்த இயந்திரம் பூமியை அது இருந்தபடியே கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டிருந்தது. பதினோராம் இடத்தில் மட்டும், என் பொய் எங்கே இருக்கிறதோ அங்கே, தண்ணீரை இழுத்து இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தது. கரைசல் அந்தப் பக்கம் ஏன் வந்தது, ஐஸ் கட்டிக்குள் நூல் ஏன் ஓடியது என்பதும் விளங்கிவிட்டது.

"வறண்டதுன்னு போட்டிருந்தா தராசு என்ன செய்யும்?"

"குழாயோட அடி பதினெட்டு மீட்டர். அதுக்குக் கீழ இறக்கும்." சொல்லிவிட்டு யோசித்தான். "இயற்கையா வறண்டதுதானே மேடம், அதை நாம ஈரமா வச்சிருந்தாத்தான் தப்பு."

"மணி அடிக்காதா?"

"எதுக்கு அடிக்கணும்? விலகல் சுழியாச்சே."

அவனிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். தராசுத் தம்பி ஒரு மனுஷ முகத்தை முழுசாகப் பார்த்து அன்றைக்குத்தான் கண்டேன். "என்னால மாத்த முடியாது மேடம். அடிப்படைத் தாள் சீல் வச்சது" என்றான்.

சீல் வைத்தது எங்கள் நன்மைக்குத்தான். பழைய கம்பெனிக்காரர்கள் தாள்களைத் திருத்தித் திருத்தித்தான் அந்தச் செங்குளத்தை உண்டாக்கினார்கள். அதற்குப் பிறகு சட்டம் வந்தது. ஒருமுறை ஒப்படைத்த அடிப்படைத் தாளை எந்த நிறுவனமும், எந்த அதிகாரியும் தொட முடியாது. அளந்தவரே வந்து, என் அளவு பொய் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் மட்டும் சீல் உடையும். உடைந்தால் பதினைந்து குழாய்க்கும் சேர்த்துத்தான் உடையும். எல்லாப் பம்பும் நிற்க வேண்டும். ஒரு வருடம் மறுபடி அளக்க வேண்டும். நானூறு பேர் வீட்டில் உட்கார வேண்டும். நான் எங்கே உட்கார வேண்டும் என்பது தனி.

மேலாளரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கெட்ட மனிதரில்லை. பழைய பள்ளத்தில் அவர் அப்பா நுரையீரலைத் தொலைத்தவர்.

"ஒரே ஒரு வாரம்தானேம்மா? அதுக்கடுத்த செவ்வாய் முதல் வாரத் தாளு. பன்னெண்டு மீட்டர். தண்ணி தானா ஏறிடும்."

"தண்ணி ஏறிடும் சார். நடுவுல களிமண் அடுக்கு இருக்கு. தண்ணி போனா களி அமுங்கும். அமுங்கின களி திரும்ப உப்பாது. மேல வீடு இருக்கு சார், வரிசையா."

"அமுங்கும்னு நிச்சயமா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாது."

"பாத்தீங்களா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மாதிரி சுத்தமா எடுக்கிற சுரங்கம் நாளைக்கு நின்னா, நாளன்னைக்கு எவனாவது வெடி வச்சுத் தோண்ட வருவான். உலோகம் வேணும்னு கேக்கிறவன் நிறுத்தப்போறதில்ல. நீங்க ஒருத்தர் சும்மா இருந்தா எல்லாருக்கும் நல்லது. அந்தச் செவ்வாய்க்கிழமை நிபுணர் குழுவேற வருது. பதினோராம் குழாயைத்தான் பாக்கணும்னு கேட்டிருக்காங்க. அதுதான் இருக்கிறதிலேயே சரியான குழாயாம்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் என்னை மூன்று வாரம் கட்டிப் போட்டது. சும்மா இருந்தேன். நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று என்று செவ்வாய்தோறும் திரையைப் பார்த்தேன், சுழி என்று வந்தது, கையெழுத்துப் போட்டேன்.

ஐம்பத்தொன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை தங்கை கூப்பிட்டாள். "தண்ணி இறங்குதுக்கா." சனிக்கிழமை கூப்பிட்டாள். "மோட்டார் காத்தைக் குடிக்குது." ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடவில்லை, ஐஸ்காரர் கூப்பிட்டார். கொட்டகையின் பின்சுவரில் தரையிலிருந்து ஜன்னல்வரை ஒரு விரிசல் வந்திருக்கிறதாம். "காலையில மயிர் கனம் இருந்துச்சு அண்ணி. இப்போ பென்சில் போகுது." பின்னால் தங்கை, "அவகிட்ட எதுக்கு சொல்றீங்க, பாவம் பயந்துக்குவா" என்று அதட்டுவது கேட்டது.

பாவம் என்றாள் என்னை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் சட்டப் பிரிவுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். ஐம்பத்திரண்டு வாரமும் பொய் என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் நாயைப் பற்றி எழுதவில்லை. 'தங்கையோடு சண்டை' என்று எழுதினேன். அங்கே இருந்த அம்மாள் இரண்டு முறை படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பதினொரு மணிக்குச் சீல் உடைந்தது. பதினொன்றே காலுக்குப் பம்புகளை நிறுத்தினார்கள். இரண்டு வருடமாகக் காதில் விழுந்துகொண்டே இருந்த ஓர் இரைச்சல் நின்றபோதுதான் அது இருந்ததே தெரிந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

தராசுத் தம்பி மட்டும் பின்னாலேயே ஓடி வந்தான்.

"மேடம், நிறுத்தியாச்சு. ஆனா அந்தப் பக்கத்துத் தண்ணியை மெதுவா ஏத்திப் பழைய இடத்துக்குக் கொண்டு போகணும்னு உத்தரவு போட்டிருக்காங்க. இல்லன்னா களி அமுங்கிட்டே இருக்கும். எந்த மட்டத்துக்குக் கொண்டு போகட்டும்? உண்மையான அளவு என்ன?"

"தெரியாது."

"தோராயமா?"

"தெரியாது தம்பி. யாருக்குமே தெரியாது. பம்பு போட்டதுக்கு முன்னாடி அங்க தண்ணி எங்க இருந்துச்சுன்னு இந்த உலகத்துல ஒரு தாள் கிடையாது."

அவன் கையில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். எழுத ஒன்றுமில்லாமல் மூடிவிட்டான். "சும்மா ஒரு எண் போடக் கூடாதில்ல" என்றான். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

ஒரு இடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. நாடாவை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன்.

அன்றைக்குத்தான் அந்தச் சந்துக்குள் முதல்முதலாக நடந்தேன். தங்கை வாசலை ஒட்டி இருபது எட்டு, பிறகு சுவரைச் சுற்றி ஒரு திருப்பம், பிறகு பொட்டல். இரண்டு நிமிடம்கூட இல்லை. இதற்குப் போய்த்தான் ஒரு வருடம் பொய் எழுதினேன். பதினோராம் குழாய் இடுப்புயரத்துக்கு நின்றது, மஞ்சள் மூடி, அதன்மேல் எங்கள் நிறுவனத்தின் பெயர். என்னைப் பார்த்துவிட்டுத் தங்கையும் பின்னாலேயே வந்தாள். கையில் ஈரத்துணி. அவள் காலடியில் தரை வெடித்திருந்தது, சுவரடியிலிருந்து கிளம்பிய விரிசல் குழாயை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மூடியைத் திறந்து, உள்ளே தொங்கிய கருவியை வெளியே எடுத்து வைத்துவிட்டு நாடாவை இறக்கினேன். பதினாறு முப்பத்தெட்டில் கத்தியது. பத்து நிமிடம் கழித்து இறக்கினேன். பதினாறு நாற்பத்தொன்று.

"பம்பையெல்லாம் நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்களே?" என்றாள் தங்கை.

"நிறுத்தியாச்சு."

"அப்புறம் ஏன் இறங்குது?"

"நாம நிறுத்தினது பூமிக்குத் தெரிய நேரமாகும்." மறுபடி இறக்கினேன். பதினாறு நாற்பத்தைந்து. இழுக்க யாரும் இல்லாமலே, நான் எழுதி வைத்த இடத்தைத் தேடிக்கொண்டு அது தானாகப் போய்க்கொண்டிருந்தது.

குழாயைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். "ஏண்டி, நீ இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, சுரங்கமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி, கிணத்துல தண்ணி எங்க இருந்துச்சு? நல்லா நினைச்சுச் சொல்லு. எத்தனை உறை தெரிஞ்சுது? கயிறு எவ்வளவு விடுவ?"

"அப்போ கிணறே இல்லையேக்கா. குழாய்த் தண்ணிதான். ஐஸ் கம்பெனி போட்டப்புறம்தான் வெட்டினோம்." என்னை விநோதமாகப் பார்த்தாள். "என்னைப் போய்க் கேக்கிற. நீதானே அளந்த?"

விசில் போல ஒன்று குழாய் வாயில் கேட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்க இறங்க மேலே இருந்த காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம் அது. அதைக் கேட்டுக்கொண்டே சொன்னேன்.

"நான் அளக்கலடி. ஒருநாள்கூட இங்க வரல. உன் வாசலைத் தாண்டணுமேன்னு வரல. எல்லாம் ஆபீஸ்ல உக்காந்து எழுதினது. இந்தச் சுவரு விரிசல் விட்டது, ஐஸ்ல நூல் ஓடினது, எல்லாம் நான் எழுதினதுதான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வாய்க்கு என் வாய் சளைத்ததில்லை, திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் ஈரத்துணியை முறுக்கிக்கொண்டு சந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வருஷம் நீ செவ்வாய்க்கிழமை காலையில வருவேன்னு தெரியும்" என்றாள். "ஊர் பூரா தெரியுமே, நீ செவ்வாய்க்கிழமைதான் அளப்பேன்னு. எட்டரைக்கெல்லாம் வாசக்கதவுக்குப் பின்னாடி வந்து நின்னுக்குவேன். நீ போற காலடி கேட்டா, தற்செயலாத் திறக்கிற மாதிரி திறந்துடலாம்னு. நானாக் கூப்பிட்டதா இருக்கக்கூடாது பாரு." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு வருஷம் நின்னேன். கேக்கவே இல்ல. வேற வழி ஏதோ இருக்கும்போல, அந்த வழியாப் போறாளாக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

பொட்டலைச் சுற்றிப் பார்த்தேன். மூன்று பக்கமும் சுவர். வேறு வழி கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

குனிந்து நாடாவை இறக்கினேன். தங்கை சுருளைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு நாற்பத்தைந்தைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. இரண்டு பேரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.